கறுப்பும் பழமையும்: ஆப்பிரிக்க மரச்சிற்பங்களை மதிப்பிடும் முறை

வீட்டுப் பெரியவர்கள் விட்டுச்சென்ற ஆப்பிரிக்க மரச்சிற்பத்தைக் கையில் எடுக்கிறவர்கள் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். "இது எத்தனை வருஷப் பழசு?" என்பது ஒன்று. "என்ன விலை போகும்?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை தெரிந்தால் இரண்டாவதற்கும் விடை தானே வந்துவிடும் என்பது பொதுவான நினைப்பு. பழசு என்றால் விலை. புதுசு என்றால் பொம்மை. இந்தக் கணக்கு ஆப்பிரிக்க மரச்சிற்பத்துக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. வயது வேறு, மதிப்பு வேறு. இரண்டையும் தனித்தனியே எடைபோட்டால்தான் கையில் இருப்பது என்னவென்று விளங்கும்.

நம் சங்க அன்பர்களுக்கு இது தூரத்து விஷயமல்ல. மேற்கிந்தியாவில் நாம் தினமும் பழகும் குஜராத்திக் குடும்பங்களில் பல, இரண்டு மூன்று தலைமுறை கிழக்கு ஆப்பிரிக்காவில் கடை வைத்துப் பிழைத்தவை. 1964 சான்சிபார் புரட்சிக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தவர்கள் பெட்டிகளில் மரச்சிற்பங்களையும் கொண்டுவந்தார்கள். நம்மவர்களிலும் ஆசிரியர், பொறியாளர், கணக்கர் என்று நைஜீரியா, சாம்பியா, தான்சானியா போய் வந்தவர்கள் உண்டு. நவராத்திரியில் மரப்பாச்சிக்குப் பக்கத்துப் படியில் ஒரு கறுப்பு ஆப்பிரிக்க உருவமும் நிற்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கொண்டுவந்த தலைமுறைக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. அவர்களுக்குப் பின் அந்தச் சிற்பத்தைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை. பேரப்பிள்ளைகள் ஒன்று குப்பையில் போடுகிறார்கள், அல்லது கோடி ரூபாய்க் கனவு காண்கிறார்கள். இரண்டுமே அறியாமையால் வருவது.

நான் பித்தளை, வெண்கலப் பாத்திரம் விற்கிறவன். பள்ளிப் படிப்போடு நின்றவன். மற்றதெல்லாம் நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் கற்றுக்கொண்டது. ஆனால் பழசுக்கும் பழசாக்கப்பட்டதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பது நாற்பது வருஷமாக என் தொழிலின் ஒரு பகுதி. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

கல்லுக்கு ஒரு கணக்கு, மரத்துக்கு ஒரு கணக்கு

நாம் கல்லிலும் செம்பிலும் வரலாறு படித்துப் பழகியவர்கள். ஆயிரம் வருஷம் என்பது நமக்குச் சாதாரணம். அதே எதிர்பார்ப்போடு ஆப்பிரிக்க மரத்தையும் பார்க்கிறோம். மரத்துக்கு அந்த ஆயுள் கிடையாது. சகாராவுக்குத் தெற்கே பெரும்பகுதியில் மழையும் புழுக்கமும் அதிகம். கரையானும் வண்டும் சேர்ந்து நல்ல மரத்தையும் சில தலைமுறைக்குள் தின்றுவிடும். ஆகவே உலக அருங்காட்சியகங்களில் உள்ள ஆப்பிரிக்க மரச்சிற்பங்களில் மிகப் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டையும் 20ஆம் நூற்றாண்டையும் சேர்ந்தவை. 120 வருஷப் பழமை என்றாலே அது மிகப் பழசு.

விதிவிலக்குகள் உண்டு. மாலி நாட்டின் பண்டியகாரா மலைச்சரிவுக் குகைகள் வறண்டவை. அங்கே டெல்லெம் என்று அழைக்கப்படும் மக்களின் மரப்பொருள்கள் கிடைத்துள்ளன; அவற்றில் சில 11ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கிப் போகின்றன. அங்கோலாவில் ஆற்றுப்படுகையிலிருந்து 1928இல் எடுக்கப்பட்ட மரத்தாலான விலங்குத் தலை ஒன்றின் காலம் 8ஆம் அல்லது 9ஆம் நூற்றாண்டு என்று கணித்திருக்கிறார்கள். காற்றுப் படாத ஈரமண்ணில் புதைந்து கிடந்ததால் அது தப்பியது. இவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. "எங்க வீட்டுச் சிற்பம் ஐந்நூறு வருஷம்" என்று யாராவது சொன்னால், அது எந்தக் குகையில் எந்த மண்ணில் இருந்தது என்று கேட்க வேண்டும்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு முகமூடி கரையான் அரித்துப்போனால் அடுத்ததைச் செதுக்கிக்கொள்வதே அங்கு பல ஊர்களில் வழக்கம். சடங்குதான் தொடரும், மரம் மாறும். நம் ஊர்த் தேரில் பழுதான பலகையை மாற்றிப் புதுச் சிற்பம் பொருத்துவதில்லையா? தேர் பழையதுதான், பலகை நேற்றையது.

ஒரு சிற்பத்துக்கு மூன்று வயது

எத்தனை வருஷம் என்று கேட்கும்போது எந்த வருஷத்தைக் கேட்கிறோம்? ஒரு மரச்சிற்பத்துக்கு மூன்று வயது உண்டு. மரத்தின் வயது, செதுக்கிய வயது, புழங்கிய வயது.

கார்பன் 14 சோதனை முதல் வயதை மட்டுமே சொல்லும். மரத்தின் அந்த வளையம் எப்போது வளர்ந்தது என்பதுதான் அதன் விடை. இடிந்த வீட்டின் உத்தரத்தை எடுத்துப் போன வாரம் செதுக்கினாலும் சோதனை நூறு வருஷம் என்றே சொல்லும். மேலும் 1650 முதல் 1950 வரையான காலத்துக்கு அந்தச் சோதனை தெளிவான விடை தருவதில்லை. ஒரே மாதிரிக்கு இரண்டு மூன்று காலப்பகுதிகளைச் சொல்லும். நம் கைக்கு வரும் பொருள்களின் காலமோ பெரும்பாலும் அந்த இடைவெளிக்குள் அல்லது அதற்குப் பின்னால். ஒரு விஷயத்தில் மட்டும் அது கெட்டி. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன் 14 கூடிப்போனது. அதற்குப் பின் வளர்ந்த மரம் என்றால் சோதனையில் பளிச்சென்று தெரிந்துவிடும். பழசு என்று நிரூபிப்பதைவிடப் புதுசு என்று காட்டிக்கொடுப்பதில்தான் அதன் பலம்.

செதுக்கிய வயதை வடிவமும் கருவித் தடமும் சொல்லும். வாச்சியால் செதுக்கிய மரத்தில் சின்னச் சின்னப் பட்டைகளாக வெட்டு இருக்கும். மிஷின் போட்ட மரத்தில் வரிவரியாக ஒரே சீரான கோடு. உப்புத்தாள் தேய்த்ததில் கண்ணுக்குத் தெரியாத கீறல் மூலைக்குள் நிற்கும்.

புழங்கிய வயதைத் தேய்மானம் சொல்லும். இதில்தான் கண்ணுக்கு வேலை.

தேய்மானம் பொய் சொல்லாது, கறை சொல்லும்

நைஜீரியாவின் யொரூபா மக்களிடையே இரட்டைக் குழந்தைகள் அதிகம் பிறக்கும். இரட்டையரில் ஒன்று இறந்துவிட்டால் அதன் பெயரில் ஒரு சாண் உயர மர உருவம் செய்து வைப்பார்கள். இபேஜி என்பது அதன் பெயர். தாய் அதைக் குளிப்பாட்டுவாள், உணவு ஊட்டுவாள், சிவப்பு மரத்தூள் பூசுவாள், தலைமுடிக்கு நீலம் தடவுவாள். வருஷக்கணக்கில் இப்படிச் செய்ததில் மூக்கும் கண்ணும் வாயும் மழுங்கிப்போகும். முகத்தைவிடக் காதுக்குப் பின்புறம் கூர்மையாக இருக்கும். மடிப்புகளில் சிவப்புப் பொடி அப்பிக் கிடக்கும். எங்கள் ஜினாலயங்களில் தலைமுறை தலைமுறையாக அபிஷேகம் கண்ட சிறிய உலோகத் திருமேனிகளின் முகம் மழுங்கியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். கை எங்கே படுமோ அங்கே தேய்வு, கை எங்கே படாதோ அங்கே கூர்மை. இந்த ஒழுங்குதான் உண்மைத் தேய்மானத்தின் அடையாளம்.

முகமூடி என்றால் முன்பக்கத்தை விட்டுவிட்டு உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஆடியவரின் நெற்றியும் மூக்கும் கன்ன எலும்பும் பட்ட இடம் வியர்வையால் வழுவழுவென்று கறுத்திருக்கும். விளிம்பில் துணியோ நாரோ கட்டிய துளைகள் கயிறு இழுத்த திசையில் நீண்டிருக்கும். துளை வட்டமாக, புதிதாக, ஓரம் மழுங்காமல் இருந்தால் அந்த முகமூடி ஆடவில்லை, சுவருக்காகவே பிறந்தது. பல முகமூடிகளுக்குக் கண் துளையே வெறும் பேருக்குத்தான் இருக்கும். போட்டால் ஒன்றும் தெரியாது. அதை யார் போட்டு ஆடியிருக்க முடியும்?

வெடிப்பைப் பார்ப்பதும் அவசியம். பழைய வெடிப்பின் உள்பக்கமும் மேல்பக்க நிறத்துக்கு நெருங்கியிருக்கும். வெளியே கன்னங்கறேல், உள்ளே வெளேர் என்றால் நிறம் பின்னால் வந்தது, அல்லது வெடிப்பு இப்போது வந்தது. வண்டுத் துளையை மட்டும் சாட்சியாக வைக்காதீர்கள். வண்டு பழைய மரத்தையும் தின்னும், போன வருஷத்து மரத்தையும் தின்னும்.

பழசாக்கும் வித்தைகள் உலகம் முழுக்க ஒன்றுதான். எங்கள் தொழிலில் புது வெண்கலத்தைப் புளியும் உப்பும் தடவி மண்ணில் புதைத்துப் பச்சை ஏற்றுவார்கள். மரத்தில் ஷூ பாலிஷ், பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசல், அடுப்புப் புகை, சேறு, கரையான் புற்று. இவற்றின் பொதுக் குறை ஒன்று உண்டு. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பிடித்திருக்கும். கை படாத அக்குளிலும் அதே பளபளப்பு, அடிப்பாகத்திலும் அதே கறுப்பு. உபயோகம் என்பது இப்படி நடக்காது. ஒரு துணியை லேசாக நனைத்து அடிப்பாகத்தில் துடைத்தால் பல சமயம் துணியே உண்மையைச் சொல்லிவிடும்.

கறுத்த மக்கொண்டே

இந்தியாவில் மரபுரிமையாக வந்த ஆப்பிரிக்கச் சிற்பங்களில் அடிக்கடி கண்ணில் படுவது மக்கொண்டே. தான்சானியாவின் தென்கிழக்கிலும் மொசாம்பிக்கின் வடக்கிலும், ருவுமா ஆற்றின் இரு கரை மேட்டுநிலங்களில் வாழும் மக்களின் பெயர் அது. கனத்த, மினுமினுப்பான கறுப்பு மரம். ஒருவர்மேல் ஒருவராக ஏறி நிற்கும் மனிதக் கோபுரம், அல்லது ஒற்றைக் கண்ணும் நீண்ட காதும் வளைந்த உடலுமாக ஒரு பூத வடிவம். பார்த்தவுடன் "இது ஆதிகாலத்து வேலை" என்று எல்லாருக்கும் தோன்றும். இந்த இடத்தில்தான் நம் கண் நம்மை ஏமாற்றுகிறது.

மக்கொண்டே மக்களின் உண்மையான பழைய வேலை கறுப்பும் அல்ல, கனமும் அல்ல. வயதுவந்த பிள்ளைகளுக்கான சடங்கில் ஆடும் மப்பிக்கோ முகமூடிகள் இலேசான மரத்தில் செய்யப்படுபவை. தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆட வேண்டுமே, கனமாக இருந்தால் எப்படி? அவற்றில் உண்மையான மனித முடியைப் பதித்திருப்பார்கள். முகத்துப் பச்சைக்கோலங்களைத் தேன்மெழுகால் புடைப்பாக வைத்திருப்பார்கள். பெண் முகமென்றால் மேலுதட்டில் வட்டமான அணி இருக்கும். அவை அழகுக்காக அலமாரியில் வைக்கும்படி இருக்காது. அதனாலேயே நம்மவர்கள் அவற்றை வாங்கி வரவில்லை.

கறுப்பு மரம் விற்பனையோடு வந்தது. சுவாஹிலியில் ம்பிங்கோ என்பார்கள். நாம் அதைக் கருங்காலி என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது நம் ஈட்டி மரத்தின் இனம். ஐரோப்பாவில் கிளாரினெட், ஓபோ போன்ற ஊதுகருவிகள் செய்வதும் இதே மரத்தில்தான். நடுவைரம் ஊதா கலந்த கறுப்பு. சுற்றி மெல்லிய வெளிறு, இளமஞ்சள் நிறம். தண்ணீரில் போட்டால் மூழ்கும் கனம். சிற்பிகள் பல சமயம் அந்த மஞ்சள் வெளிறை ஒரு ஓரத்தில் விட்டுவைப்பார்கள். அதைக் குறை என்று நினைத்துக் கறுப்புச் சாயம் பூசிய வீடுகள் உண்டு. பூசாதீர்கள். அந்த மஞ்சள் கோடுதான் சாயமேற்றிய வேறு மரம் அல்ல என்பதற்கு முதல் சாட்சி.

மொசாம்பிக்கில் போர்த்துகீசிய ஆட்சியின் நெருக்கடி தாங்காமலும் கூலி வேலை தேடியும் மக்கொண்டே மக்கள் பலர் தான்கானிகாவுக்கு வந்தார்கள். தார் எஸ் சலாம் நகரைச் சுற்றிக் குடியேறிய சிற்பிகளின் வேலையை 1950களில் வாங்கி விற்று ஊக்கப்படுத்தியவர்களில் முக்கியமானவர் முகமது பீரா என்ற இந்திய வம்சாவளி வியாபாரி. அந்தப் பூத வடிவத்துக்கு ஷேதானி என்று பெயர். நாம் சொல்லும் சைத்தானும் அதுவும் அரபியில் ஒரே சொல். 1950களின் இறுதியில் சமாகி லிகன்கோவா என்ற சிற்பி அதைத் தொடங்கினார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. மனிதக் கோபுரத்தைத் தொடங்கியவராகச் சொல்லப்படுபவர் ரொபெர்ட்டோ யாகோபோ சங்வானி. மல்யுத்தத்தில் வென்றவனைத் தோழர்கள் தூக்கிப்பிடிக்கும் காட்சியாகத் தொடங்கியது அது. ஜனாதிபதி நியெரெரே 1967இல் அருஷா பிரகடனம் வெளியிட்டு "உஜாமா" என்ற கூட்டுக்குடும்பக் கொள்கையை நாட்டின் வழியாக்கியபோது சிற்பத்துக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

ஆக, உங்கள் வீட்டு உஜாமா கோபுரம் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் அதன் வயது எழுபதைத் தாண்டுவது கடினம். யானை, ஒட்டகச்சிவிங்கி, ஈட்டி பிடித்த மாசாய் வீரன் தலை என்றால் அநேகமாக மக்கொண்டே வேலையே அல்ல. கென்யாவின் கம்பா மக்கள் செய்தவை அவை. முதல் உலகப் போரில் தான்கானிகா போய்த் திரும்பிய முத்திசியா முங்கே என்பவர் வாமுன்யு கிராமத்தில் தொடங்கிவைத்த தொழில் அது.

இதைச் சொன்னவுடன் முகம் வாடிவிடுகிறது. "அப்போ இது டூரிஸ்ட் சாமான்தானா?" என்கிறார்கள். இந்தக் கேள்வியைத்தான் நான் மறுக்கிறேன்.

நல்லதும் சுமாரும்

விற்பதற்காகச் செய்தது என்பதாலேயே ஒரு சிற்பம் மட்டமாகிவிடாது. கூலி வாங்கிக்கொண்டுதான் நம் ஸ்தபதிகளும் வார்த்தார்கள். உஜாமாவும் ஷேதானியும் ஊரை விட்டு நகரத்துக்கு வந்த ஒரு தலைமுறை தானே கண்டெடுத்த புதிய வடிவங்கள். அவை பழங்கலையின் போலி அல்ல. 1989இல் பாரிஸில் நடந்த உலகக் கலைக் கண்காட்சி ஒன்றில் மக்கொண்டே சிற்பி ஜான் ஃபுண்டியின் வேலைகள் மேலைநாட்டுப் பெரிய கலைஞர்களின் வேலைக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டன. 2005இல் மறைந்த ஜார்ஜ் லிலங்காவும் மக்கொண்டே மரபில் வந்தவரே. ஆகவே கேட்க வேண்டியது "பழசா?" என்பதல்ல, "நல்ல வேலையா?" என்பது.

எப்படிப் பார்ப்பது? உஜாமா கோபுரத்தில் முகங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நல்ல சிற்பி செதுக்கியதில் கிழவியின் முகம் வேறு, சிறுவனின் முகம் வேறு. ஒருவன் பளு தாங்குகிறான், ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள். சுமாரானதில் எல்லாம் அச்சில் வார்த்த ஒரே முகம். பின்பக்கத்தைத் திருப்புங்கள். நல்ல வேலையில் முன் பின் என்பதே கிடையாது. சுற்றிச் சுற்றி வரலாம். அவசர வேலையில் முதுகுப்பக்கம் வெறும் மரம். உடல்களுக்கு நடுவே குடைந்த வெளியைப் பாருங்கள். இரும்பு போன்ற ம்பிங்கோவில் உள்ளே கைவிட்டுக் குடைவது பெரும்பாடு. அந்தப் பாடு பட்டிருக்கிறதா, அல்லது மேலோட்டமாகக் கீறி நிறுத்தியிருக்கிறதா என்பது விரல் விட்டால் தெரியும். ஷேதானியில் மரத்தின் இயல்பான வளைவும் முடிச்சும் உருவத்துக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மரத்தைக் கேட்டுச் செய்தவன் ஒருவன். மரத்தின்மேல் திணித்தவன் இன்னொருவன்.

இந்தச் சோதனைகளில் தேறும் 1965ஆம் வருஷத்துச் சிற்பம், தேறாத 1915ஆம் வருஷத்துச் சிற்பத்தைவிடக் கலை மதிப்பில் உயர்ந்தது. சந்தை இதை முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை என்பது உண்மை. சாதாரண மக்கொண்டே வேலைகளுக்குக் கிடைக்கும் தொகை கொண்டுவந்த கப்பல் கூலிக்கே சரியாகப் போகும்.

பெயர் இல்லாதவர்கள் அல்லர், பெயர் கேட்கப்படாதவர்கள்

சந்தை அப்படி நினைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. மேலைநாட்டு வணிகர்களும் சேகரிப்பாளர்களும் 20ஆம் நூற்றாண்டில் ஓர் அளவுகோலை வகுத்தார்கள். ஆப்பிரிக்கர் தமக்காகவே செய்து தாமே சடங்கில் பயன்படுத்தியது மட்டும் "அசல்". வெளியாருக்கு விற்றது "போலி". அசலைச் செய்தவன் பெயர் தெரியாதவன். சிற்பம் இனத்தின் பெயரால் அறியப்படும்.

போலிகளைப் பிடிக்க இந்த அளவுகோல் உதவியது, அதை மறுக்கவில்லை. ஆனால் அது செய்த அநியாயம் பெரிது. சிற்பிக்குப் பெயர் இருந்தது, யாரும் கேட்கவில்லை. யொரூபா நாட்டில் இசே ஊர் ஓலோவே என்ற சிற்பி இக்கெரே அரண்மனைக்குச் செதுக்கிய கதவு 1924இல் லண்டன் வெம்ப்ளி கண்காட்சிக்குப் போனது. பிரிட்டிஷ் மியூசியம் அதைப் பார்த்து மயங்கி, அரசருக்கு ஒரு சிம்மாசனம் செய்துகொடுத்துக் கதவை வாங்கிக்கொண்டது. அந்தக் கதவிலேயே ஆங்கிலேய அதிகாரியை அரசர் வரவேற்கும் காட்சி இருக்கிறது. சொந்த ஊரில் ஓலோவேயைப் புகழும் பாட்டு உண்டு. அவர் மறைந்து அரைநூற்றாண்டுக்குப் பிறகும் அவருடைய மனைவியருள் ஒருவர் அதை நினைவில் வைத்துப் பாடிக்காட்டினார். ஊரே பாடிய பெயரை உலகம் "பெயர் அறியப்படாத யொரூபா சிற்பி" என்று எழுதப் பார்த்தது. நம் கோயில் சிற்பிகளின் பெயர் பெரும்பாலும் கிடைக்கவில்லையே என்று ஏங்குகிற நமக்கு இந்த இழப்பின் அளவு தெரியும்.

மக்கொண்டே சிற்பங்கள் செய்யப்பட்டதோ நம் தாத்தாக்கள் காலத்தில். பல வீட்டுப் பெரியவர்கள் சிற்பியின் கையிலிருந்தே வாங்கியிருக்கிறார்கள். பெயர் கேட்டிருந்தால் ஒரு வரி கிடைத்திருக்கும்.

150 யூரோ முகமூடி

மரபுரிமையாக வந்ததை மதிப்பிடுவதில் என்ன ஆபத்து என்பதற்குப் பிரான்ஸில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2021இல் ஒரு முதிய தம்பதியர் வீட்டைக் காலி செய்தபோது பரணில் கிடந்த ஆப்பிரிக்க முகமூடி ஒன்றைப் பழைய சாமான் வியாபாரிக்கு 150 யூரோவுக்குக் கொடுத்தார்கள். கணவரின் தாத்தா ஆப்பிரிக்காவில் பிரெஞ்சு ஆட்சியில் ஆளுநராக இருந்தவர். அவர் கொண்டுவந்தது அது. வியாபாரி நிபுணர்களிடம் காட்டினார், கார்பன் சோதனை செய்தார். கபோன் நாட்டு ஃபாங் மக்களின் ங்கில் முகமூடி என்று தெரிந்தது. நீதி வழங்கவும் குற்றவாளிகளைத் தேடவும் இருந்த ஒரு சபையின் முகமூடி. வெள்ளை மண் பூசிய நீண்ட முகம். உலகில் மிகச் சிலவே எஞ்சியுள்ளவை. 2022 மார்ச்சில் மோன்பெல்லியே நகரில் ஏலத்தில் 42 லட்சம் யூரோவுக்குப் போனது. தம்பதியர் வழக்குப் போட்டார்கள். 2023 டிசம்பரில் அலேஸ் நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. விற்பதற்குமுன் விசாரித்துப் பார்க்கும் அக்கறையை அவர்கள் காட்டவில்லை என்பது நீதிமன்றத்தின் கருத்து. முகமூடி எங்களுடையது என்று வந்த கபோன் அரசின் கோரிக்கையும் ஏற்கப்படவில்லை.

இந்தச் செய்தியைப் படித்துவிட்டு எல்லாரும் பரணில் ஏறிக் கோடி தேடுவது தவறான பாடம். அந்த முகமூடிக்கு விலை வந்தது வெறும் வயதால் அல்ல. எந்த மக்களுடையது, என்ன பயன், யார் எந்தக் காலத்தில் எடுத்துவந்தார் என்ற மூன்றுக்கும் விடை கிடைத்ததால் வந்தது. ஆளுநர் தாத்தாவின் கதை இல்லாவிட்டால் அது வெறும் வெள்ளை முகம். அதே கதையே கபோனின் கேள்விக்கும் அடிப்படை: ஆளுநரின் கைக்கு அது எப்படி வந்தது? விலை வாங்கியவர் ஒருவர், வழக்குத் தோற்றவர் ஒருவர், முகமூடியை இழந்த மக்கள் இன்னொருவர். மதிப்பு என்ற சொல்லுக்குள் இந்தக் கடைசி ஆளும் இருக்கிறார்.

மக்கொண்டே முகமூடிக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. தார் எஸ் சலாம் தேசிய அருங்காட்சியகத்திலிருந்து 1984இல் திருடப்பட்ட ஒன்று அடுத்த வருஷம் பாரிஸில் விலைக்கு வந்து ஜெனீவாவின் தனியார் அருங்காட்சியகத்துக்குப் போனது. பிறகு அடையாளம் தெரிந்து 2010இல் தான்சானியாவிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. வந்த வழி தெளிவில்லாத பொருள் எவ்வளவு பழசானாலும் கைச்சுமைதான்.

வீட்டில் செய்யக்கூடியவை

முதலில் அடிப்பாகத்தைப் பாருங்கள். கடைச் சீட்டோ கையெழுத்தோ இருந்தால் அதுவே கல்வெட்டு. கல்வெட்டில் அரசனின் ஆட்சியாண்டைப் பார்ப்பதுபோல, சீட்டில் உள்ள நாட்டுப் பெயரைப் பாருங்கள். "தான்கானிகா" என்றிருந்தால் சீட்டு 1964க்கு முற்பட்டது. "லொரென்சோ மார்க்ஸ்" என்றால் 1976க்கு முன். அதன்பின் அந்த நகரம் மபுட்டோ ஆயிற்று. "கோல்டு கோஸ்ட்" என்றால் 1957க்கு முன், "வடக்கு ரொடீஷியா" என்றால் 1964க்கு முன், "ஜயர்" என்றால் 1971க்கும் 1997க்கும் இடையில். சுற்றிவந்த பழைய செய்தித்தாள், சுங்கச் சீட்டு, சிற்பத்துக்குப் பக்கத்தில் தாத்தா நிற்கும் போட்டோ எதையும் எறியாதீர்கள்.

இரண்டாவது, எண்ணெய் தேய்க்காதீர்கள், பாலிஷ் போடாதீர்கள், வார்னிஷ் அடிக்காதீர்கள். தீபாவளிக்குக் குத்துவிளக்கைப் புளிபோட்டுத் தேய்ப்பதுபோல இதையும் தேய்த்தால் அறுபது வருஷச் சாட்சி ஒரு மணி நேரத்தில் போய்விடும். உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசு தட்டினால் போதும். வெயிலிலும் ஏசி காற்றுக்கு நேரேயும் வைக்க வேண்டாம். கறுப்பு மரம் வெடிக்கும்.

மூன்றாவது, விற்க நினைத்தால் சட்டத்தையும் பாருங்கள். யானைத் தந்தம் பதித்திருந்தால் விற்கவே முடியாது. ஆப்பிரிக்கத் தந்த வணிகமும் இந்தியாவில் 1991 சட்டத் திருத்தத்தோடு தடை செய்யப்பட்டது. ம்பிங்கோ மரம் சேர்ந்த இனம் முழுவதும் 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. வெளிநாட்டுக்கு அனுப்புமுன் விதிகளை விசாரிக்க வேண்டும். வாங்க வருகிறவரே மதிப்பும் சொல்கிறார் என்றால் அந்த மதிப்பை ஏற்காதீர்கள். ஒரு வியாபாரியாக இருந்துகொண்டே இதைச் சொல்கிறேன்.

நான்காவதுதான் அவசரமானது. வீட்டில் மூத்தவர் இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஊரில் வாங்கினீர்கள் மாமா? கடையிலா, சிற்பியிடமா? என்ன வருஷம்? அவர் பேர் என்ன? அவர் எதையாவது சொல்லி விற்றாரா? கேட்டதைச் சிற்பத்தின்மேல் எழுதாமல் ஒரு தாளில் எழுதித் தேதி போட்டுப் பெரியவரின் கையெழுத்தும் வாங்கிச் சிற்பத்தோடு சேர்த்து வையுங்கள். எந்த ஆய்வுக்கூடமும் தர முடியாத சான்று அது. சொத்துப் பிரிக்கும்போது சண்டையும் குறையும். எது பொம்மை எது சிற்பம் என்று தெரியாததால்தான் பாதிச் சண்டை.

ஆப்பிரிக்கச் சிற்பிக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை, அவருடைய வேலையை ஆயிரம் வருஷப் பழசு என்று பொய் சொல்லி உயர்த்தாமலும், நேற்றையது என்று சொல்லி எறியாமலும் இருப்பது. அந்தத் தாளில் ஒரு பெயரும் ஓர் ஊரும் ஒரு வருஷமும் ஏறிவிட்டால், அலமாரியில் இருப்பது ஒரு மனிதர் செய்த வேலை என்று அடுத்த தலைமுறைக்குத் தெரியும். விலையை அவர்கள் பிறகு விசாரித்துக்கொள்ளட்டும்.